குண்டாற்று மணலில் மாப்பிள்ளை பார்த்தேன்

திருச்சுழி தாண்டி குண்டாற்றங்கரையோரமாகப் போகிற பழைய சாலையில் இருக்கிறது என் பிறந்த ஊர். ஆற்றங்கரை என்றதும் உங்கள் மனதில் தென்னையும் வாழையும் வந்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எங்கள் ஆற்றங்கரையில் பனையும் கருவேலமும்தான். ஐப்பசி கார்த்திகையில் மேகத்துக்கு மனசிருந்தால் தண்ணீர் வரும். மற்ற மாதங்களில் மணல்தான் ஆறு.

சாலைக்கு மட்டும் பெருமை குறைவில்லை. வடக்கே இருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக ஒரு ராணி போட்டது என்பார்கள். சாட்சிக்கு ஒரு கல்மண்டபமும் சில கிழட்டுப் புளியமரங்களும் இருந்தன. ஆற்றை ஒட்டியே ஒழுங்காக வந்த சாலை எங்கள் ஊருக்குச் சற்று முன்னால், என்ன நினைத்ததோ, சட்டென்று ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏறும். அந்தக் காலத்தில் அக்கரையில் நல்ல ஊற்று இருந்தது, யாத்திரைக்காரர்கள் தாகத்துக்காகக் கடந்தார்கள் என்பது என் அப்பாவின் விளக்கம். ராணியின் பல்லக்குத் தூக்கிகளுக்கு அக்கரையில் ஒரு கள்ளுக்கடை பழக்கமாகியிருந்தது என்பது டீக்கடை விளக்கம். நான் டீக்கடைக் கட்சி.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. நான் சொல்வது எண்பதுகளில். எங்கள் ஊருக்கு ஒரே பஸ். அது அருப்புக்கோட்டைக்கும் எங்களுக்குமாக மாறி மாறி ஓடும். ஆற்றுக்கு வந்ததும் நிற்கும். கண்டக்டர் மேலேறி பனைமட்டைகளை இறக்கி மணலில் பரப்புவார். பயணிகள் எல்லோரும், ஆண் பெண் வித்தியாசமில்லாமல், இறங்கித் தள்ள வேண்டும். பிள்ளைத்தாச்சிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் விலக்கு உண்டு. கல்யாண மாப்பிள்ளை, புதுப்பெண் என்றாலும் உட்கார்ந்துகொள்ளலாம். அவர்கள் முகத்தில் இருக்கும் களை மணலில் உதிர்ந்துவிடக் கூடாதாம். தள்ளுகிறவர்கள் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் மட்டும் நிற்கக் கூடாது. பஸ் ஒருமுறை கிளம்பிவிட்டால் அக்கரை ஏறித்தான் நிற்கும். நாங்கள் பின்னாலேயே ஓடிப் போய் ஏறிக்கொள்வோம்.

இந்தச் சாலை எனக்கு வந்த இரண்டு வரன்களைத் தின்றிருந்தது. முதல் மாப்பிள்ளையின் அப்பா தள்ளும்போது ஒரு செருப்பை மணலுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா ஒரு நல்லது கெட்டதுக்கு இந்த ரோட்டுல எப்பிடி வந்து போறது?" என்று எழுந்துவிட்டார். இரண்டாவது வீட்டார் கெட்டிக்காரர்கள், காரில் வந்தார்கள். கார் அச்சு வரைக்கும் புதைந்தது. எங்கள் ஊர் மாடுகள் இழுத்துக் கரையேற்றின. வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். அம்மா கிண்டி வைத்த கேசரியை நாங்களே இரண்டு நாள் தின்றோம்.

அதற்குப் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் அப்பாவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்கள். அப்பா ஊரில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சிரிக்கத் தெரியாதவர் என்றே பேர் வாங்கியவர். "இதுவும் போச்சுன்னா..." என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். நான் கவலையே இல்லாதவள் போலத் திரிந்தேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வரன் விருதுநகர். பருப்புக் கடைக்காரர்கள். சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அப்பா திட்டம் போட்டுச் சொன்னார்:

"நீ அரை நாள் லீவு போட்டு மத்தியான பஸ்ஸுல வந்துரு. அவுகளும் மத்தியான பஸ்ஸுலதான் வாராக."

இதில் இருக்கிற ஓட்டை வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான், முன்னால் ஒரு அம்மாள் மடியில் துண்டு போட்டு மூடிய தாம்பாளத்தைக் கண்டேன். துண்டுக்கு வெளியே மல்லிகைப்பூ எட்டிப் பார்த்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையை மொடமொடவென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர்.

பெண் பார்க்க வருகிற இடத்தில் பெண் தலை குனிந்து நிற்க வேண்டும். முன்னால் வந்துபோனவர்களில் ஒருவரின் கால் கட்டைவிரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். இங்கோ நான் யாரென்று அவருக்குத் தெரியாது, அவர் யாரென்று எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டையிலிருந்து ஆறு வரைக்கும் சாவகாசமாகப் பார்த்தேன். காது கொஞ்சம் பெரிசு. ஜன்னலோரத்தை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். திருச்சுழியில் பஸ் நின்றபோது வெள்ளரிக்காய் வாங்கி அம்மாவிடம் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் தான் கடித்தார். பரவாயில்லை என்று மார்க் போட்டேன்.

ஆறு வந்தது. கண்டக்டர் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டார். "மாப்பிள்ளையா? நீங்க எறங்க வேணாம். உக்காருங்க" என்றார். மாப்பிள்ளையும் தாம்பாளத்தோடு அவருடைய அம்மாவும் உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து சக்கரம் நன்றாக இறங்கிவிட்டது. இரண்டு தடவை தள்ளியும் அசையவில்லை. உச்சி வெயில். பெண் பார்க்க வருகிறார்களே என்று காலையிலேயே வைத்த பூ என் காதோரம் தொங்குகிறது. பின் கண்ணாடி வழியாக அவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வருங்காலப் பெண்டாட்டி பஸ் தள்ள, இவர் வேடிக்கை பார்க்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணே, உள்ள இருக்கற மூட்டையவும் எறக்கி விடுங்க. லோடாவது கொறையும்" என்று கண்டக்டரிடம் சத்தமாகவே சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் காதில் விழுந்துவிட்டது. பெரிய காது அல்லவா.

இறங்கி வந்தார். "ஏலே, சட்டை, சட்டை" என்று அவருடைய அம்மா உள்ளிருந்து தவிக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் போய்ப் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்றார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வாய் அன்றைக்குச் செய்த வேலை போதும் என்று மூடிக்கொண்டேன்.

டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் வாரியிறைத்த மணல் முழுவதும் மாப்பிள்ளை மேல். பஸ் அவருடைய அம்மாவையும் தாம்பாளத்தையும் தூக்கிக்கொண்டு போயிற்று. எல்லோரும் பின்னால் ஓடினோம். எனக்கு இணையாக ஓடிவந்தவர் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"எப்பவும் இப்பிடித்தானா?"

"மழ பெஞ்சா பஸ்ஸே வராது" என்றேன்.

ஊரில் இறங்கியதும் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தேன். முகம் கழுவும்போதுதான் உறைத்தது. முதல் இரண்டையும் சாலை கெடுத்தது. இதை நானே கெடுத்துக்கொண்டேன். அழுகை வந்தது. வெள்ளரிக்காய்க்காரரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

காப்பியோடு நான் போனபோது அவருடைய அம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இது என்னங்க ரோடு? எம்மகன் கோலத்தப் பாத்தீகளா? நாளைப்பின்ன எப்பிடி வந்து போறது?" அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. இந்தப் பேச்சு அவருக்கு மனப்பாடம்.

நான் மாப்பிள்ளையிடம் தம்ளரை நீட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். புருவத்தில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"மூட்டைக்கெல்லாம் காப்பி உண்டா?" என்றார் மெதுவாக.

தட்டில் காப்பியைச் சிந்திவிட்டேன். "என்னலே சொல்றே?" என்றார் அவருடைய அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நாம மூட்டை தூக்குற குடும்பந்தானே, அதச் சொன்னேன். ரோடு பாத்தாச்சு. எங்க நிக்கக் கூடாதுன்னும் தெரிஞ்சுபோச்சு. இனிமே வந்து போறதுல ஒண்ணும் கஷ்டமில்ல."

அப்பாவுக்கு மூட்டையும் புரியவில்லை, எங்கே நிற்கக் கூடாது என்பதும் புரியவில்லை. 'இனிமே' மட்டும் புரிந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் தனக்கும் ஒரு தட்டு கேசரி கேட்டு வாங்கிக்கொண்டார்.

தை மாதம் விருதுநகரில் கல்யாணம். மறுவீட்டுக்கு எங்கள் ஊர் பஸ்ஸிலேயே வந்தோம். பஸ் நிறைய எங்கள் ஆட்கள். ஆறு வந்ததும் நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். கண்டக்டர் கையைக் காட்டி, "பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த மணலை நான் உட்கார்ந்து கடந்ததே இல்லை. கூச்சமாக இருந்தது.

பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையோடு அப்பா ஓரமாக, சரியான இடத்தில், பஸ்ஸுக்குத் தோள் கொடுத்து நின்றார். நான் அன்றைக்குச் சொன்னதை அதற்குள் கண்டக்டர் வழிநெடுகச் சொல்லிச் சிரித்து முடித்திருந்தார். வீட்டில் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுழன்றது. அப்போது அப்பாவின் குரல் கேட்டது.

"ஏப்பா டிரைவரு, உள்ள ரெண்டு மூட்டை கெடக்கு. பாத்து, பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துரு."

ஆறே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பஸ் பிடித்துக்கொண்டு மேலேறியது. அப்பா வேட்டியை மடித்துப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே, எங்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.