முப்பத்தொன்றாம் கொக்கி

ருமேனியர் நடுவே குடியேறிய ஜெர்மானியச் சாக்ஸன்களின் அந்த ஊரில் ஞாயிறு காலை மணியடித்தால்தான் பன்றிக்கொழுப்பு கிடைக்கும். ஒவ்வொரு வீட்டுக் கொழுப்பும் உப்பேறி, கோட்டைத் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்தில், வீட்டு எண் போட்ட கொக்கியில் தொங்கும். வாரம் ஒருமுறை வந்து வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய விளிம்பில் காவற்காரி அக்னேத்தா முத்திரை குத்துவாள். இருபத்திரண்டு வருடமாக அவள்தான் காவல். அந்த வேலைக்காகவே மதிலுக்குள் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பாதிரியார் வீட்டு வேலைக்காரியையும் வரிசையில் நிறுத்துவாள். அதனால் அவளை யாருக்கும் பிடிக்காது.

அந்த மார்ச்சில், முப்பத்தொன்றாம் வீட்டு விதவை ரோசினா, அவ்ராம் என்ற ருமேனிய ஆட்டுக்காரனை மணந்தாள். தெருச்சங்கம் கூடி அவளைத் தள்ளிவைத்தது. அவளுடைய கொழுப்பும் சங்கத்துக்கே என்று தீர்மானம். அறுவடைவரை அவள் பிள்ளைகள் இரண்டும் அதை நம்பித்தான் இருந்தன. பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்குவதற்குப் பெயர் மரபாம்.

ஞாயிறன்று சங்கத் தலைவர் மிக்கேல் தெல்லமான் வரிசையின் முன்னால் வந்து நின்றார்.

"அக்னேத்தா, முப்பத்தொண்ணைக் கழட்டு."

"அது அவ வளத்த பன்னி, மிக்கேலு."

"ஆட்டுக்காரனோட போனவளுக்கு நம்ம கோபுரத்துல என்ன வேலை?"

"பன்னி யாரோடயும் போகலையே!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தெல்லமானின் கழுத்து சிவந்தது. அக்னேத்தா கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"அவ வெட்டாம எவனும் வெட்ட முடியாது."

இரண்டு ஞாயிறு ஊர் வெறும் ரொட்டி தின்றது. அக்னேத்தாவின் அறை வாசலில் சாணியை அப்பினார்கள். கிணற்றடியில் பெண்கள் துப்பினார்கள். பாதிரியார் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பசித்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் ஞாயிறு தெல்லமான் கோடாலியோடு வந்தார். பின்னால் இருபது ஆண்கள், எல்லாரும் வெள்ளைச் சட்டை, கறுப்பு மேலங்கி. கோடாலி ஓங்குமுன் அக்னேத்தாவே கதவைத் திறந்து உள்ளே போனாள். திரும்பியபோது முப்பத்தொன்றாம் கொக்கியின் கொழுப்பு அவள் தோளில் கிடந்தது.

"பிடிங்கடா அவளை!"

"வாங்க. கொழுப்பும் உப்பும் ஒழுகுது. யாரு சட்டைய முதல்ல நாசம் பண்ணட்டும்?"

ஒருவனும் கை வைக்கவில்லை. கோயிலுக்குப் போட்ட சட்டை, கட்டிக்காத்த மரபைவிடப் பெரிதாக இருந்தது அவர்களுக்கு. வழி விட்டார்கள். ஏசினார்கள், ஆனால் வழி விட்டார்கள். மதில் வாசலுக்கு வெளியே நின்ற ரோசினாவின் கையில் அக்னேத்தா கொழுப்பைக் கொடுத்துவிட்டு, சாவியைப் பின்னாலேயே வந்த தெல்லமானின் காலடியில் போட்டாள்.

மதியத்துக்குள் அவள் கட்டிலும் பெட்டியும் தெருவில் கிடந்தன. அவ்ராம் வந்து அவற்றைத் தன் வண்டியில் ஏற்றினான்.

"அந்த ருமேனியன் வீட்டுலயா போய்ப் படுக்கப்போற? வெக்கமா இல்ல?" என்று கத்தினார் தெல்லமான்.

அக்னேத்தா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அவன் எனக்குக் கதவைத் தொறந்து வெச்சிருக்கான், மிக்கேலு. நீ கோடாலியத் தூக்கிட்டு வந்த."