வெள்ளிக்கிழமைப் பிடி அரிசி

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் எவ்வளவு அரிசி பிடிக்கும் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும். வடித்தால் பெரியவர்களுக்கு இரண்டு வாய்ச் சோறு வரும், அதற்கு மேல் தேறாது. அந்த ஒரு பிடி அரிசியால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் தாண்டி, கொள்ளிடக்கரைக்குப் போகிற பக்கத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. என் கணவர் பட்டறையில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவார். தோட்டிலும் மூக்குத்தியிலும் வைக்கிற வெள்ளைக் கல். நான் வீட்டிலிருந்தே கூலிக்கு அப்பளம் இட்டேன். பிள்ளை என்று ஒரே மகள். நான் ஐந்தாவதோடு நின்றவள், அதனால் அவளைப் படிக்க வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே ஆசை.

தெருக்கோடியில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கே வெள்ளிக்கிழமை கடைசி மணி நல்லொழுக்க வகுப்பு. அதை எடுத்த டீச்சர் தென்னூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கல்யாணமாகாத சின்ன வயசுப் பெண். வாயால் சொல்லி முடித்துவிடுகிற ஆள் இல்லை. "சொன்னா பிள்ளைங்க மறந்துடுங்க, செஞ்சா மறக்காதுங்க" என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார். அதற்காக வகுப்பு மூலையில் ஒரு மண்பானை வாங்கி வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து போட வேண்டும் என்று வைத்தார். மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயா அதை எடுத்துப் போய் இல்லாதவர்களுக்குக் கொடுப்பாள்.

அதற்குச் சில விதிகளும் வைத்திருந்தார். அம்மா அளந்து பொட்டலம் கட்டித் தரக் கூடாது, பிள்ளையே தன் கையால் அள்ள வேண்டும். வீட்டில் எதைச் சாப்பிடுகிறோமோ அதையே கொடுக்க வேண்டும். தர்மம் செய்யப்போகிறேன், செய்தேன் என்று வெளியே சொல்லக் கூடாது. கொடுக்கும்போது வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்குமாம். என் மகள் இதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி என்னிடம் ஒப்பித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலை வைக்குமுன் பெருமாளுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுகிற வழக்கம் எனக்கும் உண்டு. பெருமாளே பார்த்து இப்படி ஒரு டீச்சரை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையோடு என் கணவருக்கு இருமல் ஆரம்பித்தது. துண்டில் ரத்தம் பட்டதை எனக்குத் தெரியாமல் அவரே கசக்கிக் காயப் போட்டிருந்தார். புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். மூச்சுக்கு ஆகாது, கல் தூசி இருக்கும் இடத்துக்கே போகக் கூடாது என்றார்கள். பட்டறை நின்றது. மழையில் அப்பளமும் காயவில்லை. பெருமாள் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எவ்வளவோ பட்டிருக்கிறேன், ஆனால் அந்தப் பானையைக் கவிழ்த்தபோது அழுத மாதிரி அதற்கு முன் அழுததில்லை.

ஆனாலும் மகளின் வெள்ளிக்கிழமைப் பிடியை நிறுத்தவில்லை. அப்பாவுக்கு இருமல், தை பிறந்தால் சரியாகிவிடும் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தோம். கொடுக்கிற பிள்ளைகளில் ஒருத்தியாகவே அவள் இருக்க வேண்டும், வாங்குகிற வீட்டுப் பிள்ளை என்று அவளுக்கும் தெரியக் கூடாது, ஊருக்கும் தெரியக் கூடாது. அந்த ஒன்றைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் வெறும் வடிகஞ்சி குடித்துப் படுத்த நாளிலும் அவள் கைக்கு டப்பாவில் அரிசி இருந்தது.

ஒருநாள் டப்பாவுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

"ஏம்மா, நம்ம அரிசி ஏன் சிவப்பா இருக்கு? என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு, இது ரேஷன் அரிசி, நாறுதுங்கறா."

"அவ மூக்கை யாருடி உன் கைக்கிட்ட கொண்டாரச் சொன்னா? நாம சாப்பிடறதைத்தானே கொடுக்கச் சொன்னாங்க டீச்சர்?"

"ஆமா."

"அப்புறம் என்ன? அள்ளிக்கிட்டுக் கிளம்பு."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. டீச்சர் சொன்னது என்றால் அவளிடம் மறுபேச்சே கிடையாது.

தை அமாவாசைக்கு முந்தின நாள், பக்கத்துக் குடித்தனத்து அக்கா வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள், பூக்கட்டிப் பிழைத்தவள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது நான் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு அம்மா மண்டபம் வர்றியா? தர்ப்பணம் பண்ண வர்ற சனமெல்லாம் அரிசி, வாழைக்காய் போடும். ஒரு வாரம் ஓட்டிடலாம்."

"ஐயோ, நான் மாட்டேன்க்கா. யாராச்சும் பார்த்துட்டா?"

"பார்த்தா என்னடி? பெருமாளே அடுத்தவன் ஆக்கிப் போடறதைத்தான் வேளா வேளைக்குச் சாப்பிடறாரு. அவருக்கு இல்லாத வெக்கம் உனக்கு வந்துடுச்சா?"

சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம்தானே, அந்தக் கூட்டத்தில் யாருக்கு யாரைத் தெரியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

காலையில் மகள், "துவைச்ச பாவாடையா குடும்மா" என்றாள்.

"இன்னிக்கு என்னடி விசேஷம்?"

"சும்மா."

அவள் சும்மா என்று சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அம்மா மண்டபத்துக் காவேரிப் படித்துறையில் நிற்க இடமில்லை. ஈரவேட்டிகளும் எள்ளு வாசனையும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமுமாக இருந்தது. மண்டபத்துக்கு வெளியே இரண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, எனக்கு முன்னால் ஒரு துண்டை விரித்தாள். நான் முந்தானையை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அரிசி விழ ஆரம்பித்தது. தலை நிமிரவே இல்லை. அரங்கா அரங்கா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"வரிசை கலையக் கூடாது. முகத்தைப் பார்க்காதீங்க. கையைப் பாருங்க, கையை மட்டும் பாருங்க."

வகுப்பு வாசலில் பலமுறை கேட்ட குரல். அந்த மாதம் ஆயாவை மட்டும் அனுப்பாமல், அமாவாசையன்று பிள்ளைகளே தங்கள் கையால் கொடுக்கட்டும் என்று டீச்சர் அத்தனை பேரையும் நடத்திக் கூட்டிவந்திருந்தார். ஆயா இடுப்பில் பானை. அதிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஆளுக்கு ஒரு துண்டில் போட்டுவிட்டு மறுபடி அள்ளப் போனார்கள். வெளியே சொல்லக் கூடாது என்ற விதியால் என் மகள் வீட்டில் வாய் திறக்கவில்லை.

எழுந்து ஓடலாம் என்றால் முன்னால் பிள்ளைகள், பின்னால் சுவர். எழுந்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேராக ஒரு துவைத்த பாவாடை வந்து நின்றது.

என் வலது மணிக்கட்டில் ஒரு தீக்காயத் தழும்பு உண்டு. அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தது. தூங்கப்போகும்போது அதைத் தடவிக்கொண்டே தூங்குவது என் மகளின் வழக்கம். மூடிய சின்னக் கை என் துண்டுக்கு மேலே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு விரல் இடுக்கு வழியாக அரிசி கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. கடைசி அரிசி விழுந்ததும் கை போய்விட்டது. என்ன நடந்தது என்று டீச்சருக்கோ மற்றப் பிள்ளைகளுக்கோ தெரியாது. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. டீச்சர் சொன்னபடியே செய்தாள்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கை கால் கழுவினாள். தெரியவில்லையோ என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. துண்டில் விழுந்த அரிசியை உலையில் போட்டேன். பச்சரிசி, புழுங்கல், சிவப்பு, வெள்ளை என்று பல வீட்டு அரிசி. ஒன்று குழைந்தது, ஒன்று வேகவே இல்லை.

என் கணவர் ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னடி இது, பாதி கஞ்சி பாதி கல்லு? எனக்குக் கல்லை மறக்க முடியலேன்னு சோத்துலயும் போட்டுட்டியா?" என்றார். அவர் தமாஷ் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

மகள் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தாள். அந்தப் பானைக்குள் கைவிட்டு அள்ளியவள் அவள். பரிமாறிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளினாள். நான் திரும்பியதும் அதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். சத்தம் வராமல் இருக்கக் கையை டப்பாவின் அடிவரை விட்டுப் போட்டாள். பிறகு வெறும் கையை இறுக்க மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஓரக்கண்ணால் பார்த்தேன், கேட்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

மாசியில் ஒரு சாயங்காலம் டீச்சர் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மூணு நாலு வாரமா இவ வெறுங்கையைப் பானைக்குள்ள விட்டு எடுக்கறா. அரிசி இல்லேன்னா இல்லேன்னு சொல்லலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போட்ட மாதிரி நடிக்கறது பொய்தானே? எதுக்குடி இப்படிச் செஞ்சேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. மத்தியானத்திலேருந்து வெளியிலதான் நிக்க வெச்சிருந்தேன். இந்த வயசுல திருத்தலேன்னா அப்புறம் கஷ்டம்மா."

மகளைப் பார்த்தேன். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை யாருக்காக வெளியில் நின்றாள் என்று எனக்குத் தெரியும். பொய்க்காரி என்ற பேரோடு அவளை நிறுத்தி வைத்துவிட்டு நான் சும்மா இருக்க முடியவில்லை.

"அவ பொய்க்காரி இல்லீங்க டீச்சர். அமாவாசையன்னிக்கு அம்மா மண்டபத்துல அவ எனக்குத்தான் போட்டா."

டீச்சருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனசு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது மகள் அங்கே இல்லை. உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையேம்மா" என்றாள். "நீ ஏன் சொன்னே?"

டீச்சர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், பானையின் வாயைத் துணியால் மூடி ஆயாவிடம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். உதவி என்று நினைத்துச் செய்தது. அந்தப் பானையைத் தெரியாத பிள்ளை அந்தத் தெருவில் உண்டா? ஆயா போன வழியிலேயே நாலு பிள்ளைகள் பின்னால் வந்தன. திங்கட்கிழமை முதல் என் மகளுக்குப் பேரே பானை. "ஏய் பானை, எங்க வீட்டு அரிசி ருசியா இருந்துச்சா?" டீச்சர் அதைக் கேட்டுக் கோபப்பட்டு, இல்லாதவர்களிடம் எப்படி அன்பாக இருக்க வேண்டும் என்று ஒரு நல்லொழுக்க வகுப்பு முழுக்கப் பேசினாராம். அத்தனை பிள்ளைகளும் திரும்பித் திரும்பிப் பார்க்க, இவள் நடுவில் உட்கார்ந்திருந்தாளாம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையானால் அவளுக்கு வயிற்றுவலி. பங்குனியில் என் கணவர் போய்விட்டார். பரீட்சை முடிந்ததும் திருவானைக்காவல் பக்கம் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். நான் கல்யாண வீடுகளில் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். யாரிடமும் கை நீட்டாமல் அவளை வளர்த்தேன். பத்தாவது வரை படித்தாள். எண்பதுகளில் லால்குடியில் கட்டிக்கொடுத்தேன். நெல்லு விளைகிற வீடு, அரிசிக்குக் குறையில்லை.

போனால் நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். மாப்பிள்ளையிடமும் பேரனிடமும் வாய் ஓயாமல் பேசுகிறாள். இலை போட்டு எனக்குப் பரிமாற வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். கரண்டியில் சோற்றை எடுத்து, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு போடுவாள். "போதுமாம்மா?" என்று கேட்பதும் கையைப் பார்த்துத்தான்.

நான் போதும் என்று சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்கிறேன். வயிறு கொள்ளாவிட்டாலும் சாப்பிடுகிறேன். அடுத்த கரண்டி போடும்போதாவது நிமிர்ந்து பார்ப்பாளா என்றுதான்.