முத்து அக்காவுக்காகக் கழற்றிய ஆறு பட்டைகள்

1982 மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியிலிருந்து டி. கல்லுப்பட்டிக்கு ஜீப்பில் போய் வந்தோம். அங்கே வாக்கப்பட்ட என் அக்கா முத்துலட்சுமிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பஸ் ஏறினாலே அவளுக்குக் குமட்டும். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. அதனால் அப்பா தன் ஜீப்பில் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவின் மாமியார் சொல்லி அனுப்பிய பதில் இது: "வண்டியப் பாத்துட்டுத்தான் புள்ளைய ஏத்துவேன். சரியில்லேன்னா பிரசவம் இங்கனயே."

அக்கா எனக்குத் தனியாக ஓர் இன்லேண்ட் கடிதம் போட்டாள். "எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்கடி." அவ்வளவுதான் எழுதியிருந்தது. மீதி இடம் முழுக்க வெற்றாகக் கிடந்தது.

பழைய ஜீப்பில் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு தூரம் போக நினைப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஜீப் மிலிட்டரி ஏலத்தில் வந்தது. அப்பா நெல் விவசாயி. கிணற்று மோட்டாரைத் தானே பிரித்துப் பூட்டுகிற தைரியத்தில் இதையும் வாங்கிவிட்டார். எட்டு மாதம் அது எங்கள் வீட்டுக் கொல்லையில் செங்கல் மேல் நின்றது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் பகலெல்லாம் அதன் அடியில்தான் இருந்தேன். அப்பாவின் கை நுழையாத இடங்களில் என் கை நுழையும். தார்ப்பாயில் மேல்கூரை தைத்தது நான். பின்சீட்டுக்கு இலவம்பஞ்சு அடைத்ததும் நான்தான்.

என்ன செய்தும் வண்டி தூக்கிப் போடுவது நிற்கவில்லை. பின் சக்கரங்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்பது இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. துப்பாக்கியும் பெட்டிகளும் சுமப்பதற்கு வைத்தது, அக்காவுக்கு எதற்கு என்றார் அப்பா. பக்கத்துக்கு ஒன்றாகக் கழற்றினோம். ஒவ்வொரு முறை கழற்றிய பின்பும் நான் பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வேன். பெரியார் வாய்க்கால் கரையில் அப்பா ஒரு மைல் ஓட்டுவார். முதல் நாள் பாவாடையெல்லாம் நனைந்தது. பக்கத்துக்கு மூன்று கழற்றியதும் ஓர் உள்ளங்கைத் தண்ணீர்தான் சிந்தியது. "பல்லக்குடி இது!" என்று பானெட்டைத் தட்டினார் அப்பா.

ஒன்றை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. எல்லாச் சோதனையிலும் பின்னால் உட்கார்ந்தது நான் ஒருத்திதான். என் எடை முப்பத்தெட்டுக் கிலோ.

அம்மா ஜீப்பில் ஏற மறுத்துவிட்டார். "நான் பஸ்ஸுலயே வாரேன். கட்டுச்சோறு கல்லுப்பட்டிக்குப் போய்ச் சேரணும்ல?" சித்தியைக் கூட்டிக்கொண்டு, சோற்றுப் பாத்திரங்களோடு முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

நாங்கள் காலை ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல், அறுபத்தொன்பது ரூபாய். மதுரை வரை இருபத்தைந்து கிலோமீட்டர். பழங்காநத்தத்தில் டீ குடித்தோம், இருவருக்கும் எண்பது பைசா. அங்கே ஒரு லாரி டிரைவர் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எந்தப் பட்டறைல செஞ்சீக அண்ணே?"

"பட்டறையா? அந்தா உக்காந்திருக்கு பாருங்க" என்று அப்பா என்னைக் காட்டினார். நான் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

திருமங்கலம் ரயில்வே கேட்டில் பதினைந்து நிமிடம் போனது. அதைத் தாண்டினால் கரிசல் காடு. வெட்டவெளியில் பருத்தி வெடித்துக் கிடந்தது. ஏழு ஐம்பதுக்கு டி. கல்லுப்பட்டி வந்துவிட்டோம். மொத்தம் அறுபத்தாறு கிலோமீட்டர்.

வளைகாப்பு பன்னிரண்டு மணிக்குள் முடிந்தது. சாப்பிட்ட பிறகு ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். முதலில் காலிப் பாத்திரங்கள், அதன்மேல் அவர்கள் காட்டில் விளைந்த உளுந்து ஒரு மூட்டை. பிறகு அம்மா, சித்தி, பெண்ணை வீடுவரை வந்து விட்டுப் போவதற்காக அத்தையும் (அக்காவின் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அவர் தங்கையும், நடுவில் அக்கா. விளிம்பில் நான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தெருமுனைகூடத் தாண்டவில்லை. பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கி, டயர் மேல் தகரத்தில் உரசிக் கரகரவென்று கத்தியது. ரப்பர் கருகும் நாற்றம். வண்டி நின்றுவிட்டது.

"இறங்குத்தா முத்து" என்றார் அத்தை. "இதுலயா மாசமா இருக்க புள்ளைய ஏத்துறது?"

"ரோடு மோசம் மதினி" என்றார் அப்பா.

"ரோட்டச் சொல்லாதீக அண்ணே! ரோடு நாளைக்கும் இப்படித்தான் கிடக்கும்."

அக்கா இறங்கினாள். இறங்கும்போது என்னைப் பார்த்தாள். அந்த ஒற்றை வரிக் கடிதம் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் அதுவரை நான் பேசியது "வாரேன் அத்தே", "போதும் அத்தே" இரண்டும்தான்.

"அத்தே, தப்பு எங்க மேல. பட்டைய நாங்கதான் கழட்டுனோம். அக்கா குலுங்கக் கூடாதுன்னு."

தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயந்து, சொம்பு, வாய்க்கால் கரை, முப்பத்தெட்டுக் கிலோ எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். "பின்னாடி ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுத்தே. நீங்க ஏறக் கூடாது."

"ஆத்தாடி! இந்தப் புள்ளைக்குப் பேச வருமா?" என்றார் அத்தை. பிறகு, "சொம்பக் கொண்டாங்கடி."

எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பின்சீட்டில் அவர் மட்டும் ஏறினார். நானும் அக்காவும் சேர்ந்த எடை அவர் ஒருவருக்கே இருக்கும். சொம்பு மடியில். அப்பா பஸ் நிறுத்தம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். இறங்கும்போது அத்தையின் சேலையில் நாலைந்து சொட்டு.

"நாங்க பஸ்ஸுல வாரோம்" என்றார். சொம்பை நிறைத்து என் கையில் கொடுத்தார். "மடியிலேயே வச்சுக்க. வாடிப்பட்டியில வந்து பாப்பேன், எம்புட்டு இருக்குன்னு."

மூன்றரைக்குக் கிளம்பினோம். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருமங்கலம் கேட்டில் விழித்தவள், நான் வாய் திறப்பதற்குள் சொம்பை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள்.

ஆறே காலுக்கு வீடு. "பம்புல பிடிச்சு நெப்பிரு" என்றார் அப்பா. நான் நிரப்பவில்லை. ஏழு மணிக்கு மேல் பஸ்ஸில் கிளம்பியவர்கள் வந்து சேர்ந்தார்கள். அத்தை வந்ததும் நேராகச் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாதிதான இருக்கு?"

"அக்கா குடிச்சிருச்சு அத்தே."

"குடிச்சுட்டு?"

"தூங்கிருச்சு."

"வாந்தி எடுக்கலையா?"

"இல்லத்தே."

அத்தை சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுல ஒரு மடக்குத் தங்காத புள்ளை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மீதித் தண்ணீரைத் தானே குடித்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கேட் மூடியிருக்கும், அரை மணி கூட வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தையும் மூட்டையையும் பஸ்ஸில் போடுங்கள். மதுரையில் மாறி வர ஆளுக்கு ஐந்து ரூபாய் நாற்பது பைசா. வீட்டில் சோதித்துப் பார்க்கும்போது, வரப்போகிற எல்லோரையும் உட்கார வைத்து ஓட்டுங்கள். கழற்றிய பட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் ஆறு பட்டைகளும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பேரனோ பேத்தியோ பிறந்து மூன்றாம் மாதம் அத்தை ஜீப்பில்தான் அழைத்துப் போவாராம். அதுவும் எல்லோரும் ஒன்றாக. அதற்குள் ஆறையும் திரும்பப் பூட்டிவிட வேண்டும்.