உப்புப் பார்க்க ஓர் ஆள்

இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவர் கைறுன்னிஸா. அங்கேயே ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். இப்போது அவருடைய மகன் ஹுஸ்னி அங்கே நான்காம் வகுப்பில் இருக்கிறான். கைறுன்னிஸா அதிகம் பேசமாட்டார். பேசினால், பதில் சொல்ல நமக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்தின் வரலாறு அப்படியொன்றும் பெருமையடிக்க ஏற்றதல்ல. ஜைனுதீன் ஹாஜியார் தன் சாதிக்காய்த் தோட்டத்து ஓரத்தில் நிலம் கொடுத்தார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலிருந்து கல் சுமந்து சுவர் எழுப்பினார்கள். பிறகு யார் பெயரை வைப்பதென்று முஸ்லிம் தரப்பும் தோட்டத்துத் தரப்பும் முறைத்துக்கொண்டன. அன்றைய கல்வி அதிகாரி யார் பேச்சையும் கேட்காமல் 'தமிழ்க் கலவன் பாடசாலை' என்று பலகை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால் முஸ்லிம் பாடசாலைகளுக்குக் கிடைக்கும் நோன்பு மாத விடுமுறை எங்களுக்குக் கிடையாது. சாப்பாட்டுத் திட்டம் வந்தபோது இரண்டு தரப்பும் தனித்தனிப் பானை கேட்டோம். ஒன்றுதான் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானையில் சாப்பிடுகிறார்கள் என்று இப்போது பரிசளிப்பு விழாக்களில் மார்தட்டிக்கொள்கிறோம்.

கைறுன்னிஸா சமைக்க வந்த முதல் நோன்பில் ஒருநாள் பருப்புக் கறி வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரித்தது. நோன்போடு இருப்பவர் எப்படி ருசி பார்ப்பது? நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று மௌலவி சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. மறுநாள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாப்பம்மா வந்தார். முதல் நாள் அவருடைய மகள் பசியோடு வீடு திரும்பியிருந்தாள். சண்டைக்கென்றுதான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளங்கையை நீட்டினார்.

"இதுல ஊத்துங்கக்கா, நா பாக்குறேன்."

அன்றிலிருந்து நோன்பு மாதம் முழுக்கத் தோட்டத்துத் தாய்மார் முறைவைத்து உப்புப் பார்க்கிறார்கள். கைறுன்னிஸா ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். உப்புப் பார்த்தவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே கறியைச் சாப்பிட வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நழுவக்கூடாது.

போன நோன்பில், பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. தர்சன் என்றொரு கல்வி அதிகாரி எங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. தலை எண்ண அதைவிட மோசமான மாதம் இல்லை. டவுன் முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அண்ணன்மாருக்கு லீவு என்றால், முஸ்லிம் வீட்டுச் சின்னதுகளும் படுக்கையை விட்டு எழும்பாது. கைறுன்னிஸாவுக்கு உண்மையிலேயே பயம். வேலை போவதைவிட, தான் படித்த இடத்தில் மகன் படிக்க முடியாமல் போய்விடுமே என்பதுதான் அவரை வாட்டியது.

பள்ளிக்கூடத்து அதிபர் ஜீவராஜ் நல்ல மனிதர். மாலை போடும் விஷயத்தில் மட்டும் நிதானம் கிடையாது. விருந்தினரைப் பாலத்தடியிலேயே மறித்து, மாலை போட்டு, ஊர்வலமாக அழைத்து வருவது எங்கள் வழக்கம். அதிகாரி வரவிருந்த நாளில், பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகள், ஆசிரியர்கள், மாலை கட்டிய பாப்பம்மா எல்லாரையும் திரட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். அதிகாரியோ ஓட்டோ பிடித்துத் தோட்டத்துப் பாதையால் வந்து இறங்கினார். வகுப்புகள் வெறிச்சோடிக் கிடந்தன. அடுப்புப் புகை தெரிந்த பக்கமாக நடந்தார்.

"புள்ளைங்க ஒருத்தரும் இல்லையா?"

"உங்களக் கூட்டிட்டு வரத்தான் சேர் பாலத்துக்குப் போயிருக்காங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்று உப்புப் பார்க்க வேண்டிய பாப்பம்மாவும் பாலத்தடியில். கைறுன்னிஸா அகப்பையை எடுத்தார்.

"கையக் காட்டுங்க சேர். நா நோன்பு. உப்புப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டி, நக்கிப் பார்த்தார். "கொஞ்சம் போடலாம்."

"அப்ப நீங்க இருந்து சாப்பிட்டுத்தான் போகணும். இங்க அதுதான் சட்டம்."

கறியைக் கிளறியபடியே அந்தச் சட்டம் வந்த கதையைச் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, "இந்த ஸ்கூல மூடினா என்ன செய்வீங்க?" என்றார்.

"எங்க புள்ளைங்க முஸ்லிம் ஸ்கூலுக்குப் போவாங்க. பாப்பம்மா புள்ளைங்க தோட்டத்து ஸ்கூலுக்குப் போவாங்க. அங்க ஒருத்தருக்கும் உப்புப் பாக்க ஆள் தேவைப்படாது சேர்."

பாலத்திலிருந்து பிள்ளைகள் முந்திக்கொண்டு ஓடிவர, அதிகாரி அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தார். வியர்த்து வழியத் திரும்பி வந்த அதிபர், பிள்ளைகளுக்கு நடுவே வாங்குப் பலகையில் சோறு பிசைந்துகொண்டிருந்த அதிகாரியின் கழுத்தில் மாலையைப் போட்டார். அவரும் மாலையோடேயே சாப்பிட்டு முடித்தார். அன்று அவர் யாரையும் எண்ணவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வந்தார். இந்த முறை பாலத்துக்கு யாரும் போகவில்லை. வகுப்பு வகுப்பாக எண்ணி எழுதினார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போகும் வழியில் சமையலறை வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டினார்.

"இன்னைக்குத் தேவையில்ல சேர், நானே பாத்துட்டேன்," என்றார் கைறுன்னிஸா. பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த நோன்புக்கு ஸ்கூல் இருந்தா வாங்க," என்றார்.

"வர்றேன்," என்றார் அதிகாரி.