அக்கா தொடாத பிள்ளை

என் அக்கா வேலை பார்க்கும் இடத்தில் ஜன்னல் கிடையாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆபரேஷனுக்கான கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அறை அது. கத்தரி, இடுக்கி, பச்சைத் துணி எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டி மேலே ஒரு நாடா ஒட்டுவாள். இயந்திரத்தில் சூடு சரியாக ஏறியிருந்தால் நாடாவில் கோடுகள் கறுக்கும். ஒரு கோடு மங்கலாக இருந்தாலும் பொட்டலத்தைப் பிரித்து முதலிலிருந்து தொடங்குவாள். அதனால் அங்கே அவளுக்குக் ‘கறுப்புக்கோடு’ என்று பெயர். “கறுப்புக்கோடு வருது, வாயை மூடுங்கடி” என்பார்கள். சாப்பாட்டு வேளையில் மூலையில் தனி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் வீட்டுக்காரர், என் மாமாவுக்கு, கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் அவர் அவளுக்கு வெறும் போன் குரல்தான்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. சுத்தமானதைச் சுத்தமில்லாதது தொட்டால் இரண்டும் சுத்தமில்லாததுதான். பாதிச் சுத்தம் என்று ஒன்று கிடையாது. கீழே விழுந்த பொட்டலத்தைக் காட்டி, “தூசிகூட ஒட்டலையே” என்று யாராவது கெஞ்சினால், “கண்ணுக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்குடி இங்க?” என்பாள்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அவள் நிறைமாதமாக இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவளுடைய ஆஸ்பத்திரியில் அப்போது கர்ப்பிணிகளின் மலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் அக்காவின் குடலில் இருப்பது தெரியவந்தது.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். “இது நோய் இல்லைம்மா. நிறைய பேர் வயித்துல இது சும்மா குடியிருக்கு. எப்பவாவது பச்சைப் பிள்ளையோட ரத்தத்துல ஏறிட்டாதான் கஷ்டம், சாதாரண மருந்துக்குக் கேட்காது. அது அபூர்வம். கையை நல்லா கழுவுங்க, தாராளமா பால் கொடுங்க.”

இதில் அக்காவின் காதில் தங்கியது ஒன்றுதான். மருந்துக்குக் கேட்காது.

பையன் பிறந்தான். நர்ஸ் அவனை மார்பில் வைக்கப் போனபோது, “வேண்டாம் சிஸ்டர், தள்ளிப் பிடிங்க” என்றாள். மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதை. இவள் ஓர் அறை, பிள்ளை ஓர் அறை. கையுறை போட்டுக்கொண்டு மெஷினால் பாலை எடுத்துத் தன் அறை வாசற்படியில் வைப்பாள். அக்காவின் மாமியார் அதை ஸ்பூனால் புகட்டுவார். துணி மாற்றுவது என் வேலை. நான் பையனைத் தோளில் போட்டு ஆட்டும்போது, எதிர் அறை வாசலில் நின்று வெறும் கைகளைக் கட்டிக்கொண்டு அவளும் கூடவே ஆடுவாள். நான் நிறுத்தினால் நிறுத்துவாள்.

மாமியாரின் வாய் சும்மா இருக்காது. “பெத்தவ மாதிரியா நிக்கிறா? கண்காட்சிக்குக் காவல் வந்தவ மாதிரி. தொடாதீர்கள்னு ஒரு போர்டுதான் பாக்கி.”

“உங்களுக்குப் புரியாது அத்தை.”

“ஆமாம்மா, புரியாது. நான் பெத்த காலத்துல என் வயித்துக்குள்ள யாரு எட்டிப் பார்த்தா?” என் பக்கம் கையை நீட்டினார். “இதோ இவ. கண்ட ஊர்த் தண்ணியைக் குடிச்சிட்டு, காய்ச்சல்னா கண்ட மாத்திரையை முழுங்கிட்டு வந்திருக்கா. இவ தூக்கலாமாம். பிடிபட்டவன்தான் திருடன்!”

அது உண்மைதான். “என் வயித்துல எத்தனை குடித்தனம் நடக்குதோ, யாருக்குத் தெரியும்?” என்றேன்.

“உன்னோடது தெரியாது. என்னோடது தெரியும்” என்றாள் அக்கா. “எதுக்கும் இன்னொரு தடவை கையைக் கழுவிட்டு வா.”

பால் வற்றத் தொடங்கியது. புட்டியின் அடியில் நிற்கும் அளவுக்குத்தான் வந்தது. பால்மாவு கலந்து கொடுத்தால் பையன் கக்கினான். எடை பார்க்கவும் பையனின் மலத்தைச் சோதனைக்கு எடுத்துப் போகவும் வீட்டுக்கு வந்த நர்ஸ் தராசைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “மெஷினுக்கு ஊறாதுக்கா. பிள்ளை வாய் வெச்சாதான் ஊறும். இப்படியே இறங்கினா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதுதான்.”

ஆஸ்பத்திரி என்றதும் அக்கா வாசற்படிவரை வந்தாள். ஆனாலும் அதைத் தாண்டவில்லை.

அடுத்த முறை வந்தபோது நர்ஸ் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “பையனோட ரிசல்ட் வந்துடுச்சு. அவன் வயித்துலயும் அதே கிருமி இருக்கு. பயப்படாதீங்க, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான்.”

மாமியார் பையனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் தொடவே இல்லையே” என்றாள் அக்கா.

“பிறக்கும்போதே வந்திருக்கலாம். வார்டுல ஒட்டியிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுக்கா.”

“அப்போ நான் இத்தனை நாள் தள்ளி இருந்தது?”

நர்ஸ் கொஞ்ச நேரம் தராசைத் துடைத்தாள். “பால்தான் குறைஞ்சுது” என்றாள்.

அக்கா அழவில்லை. குழாயடியில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஈரம் காயும்வரை கைகளை முன்னால் நீட்டியபடி நின்றாள். பிறகு முதல் தடவையாகப் பிள்ளையின் அறைக்குள் போனாள்.

“எல்லாரும் வெளியே போங்க.”

“நானுமா?” என்றார் மாமியார்.

“நீங்களும்தான் அத்தை.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பையன் வீறிட்டான். புது ஆள், புது வாசனை. பழக்கமில்லாத மார்பில் முட்டி முட்டிக் கத்துகிறான் போலிருந்தது. நடுவில் ஒருமுறை, “இருடா, எனக்கும் தெரியாதுடா” என்று அக்காவின் குரல் கேட்டது. நர்ஸ் கிளம்பிப் போனாள். நானும் மாமியாரும் நடையிலேயே நின்றோம்.

அழுகை சட்டென்று நின்றது. குடிக்கிறானா, கத்திக் களைத்துத் தூங்கிவிட்டானா, தெரியவில்லை. தட்டப் போன என் கையை மாமியார் பிடித்து இழுத்தார்.

“சும்மா இரு. அவளா கூப்பிடட்டும்.”

வெகுநேரம் அவள் கூப்பிடவே இல்லை; பிள்ளையை ஆட்டியபடி அவள் நடக்கும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.