புறமுதுகு அறியாத ஓநாய்கள்

அவருக்குத் தொழில் பல். டாக்டர் இல்லை. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவராகச் சொல்ல மாட்டார். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற லேபில் உட்கார்ந்து, அந்த அச்சுக்குப் பொருத்தமாக இவர் பீங்கான் பல் செய்து அனுப்புவார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை, இதே நாற்காலி. வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு, அதில் இந்தப் பல் எந்த வெள்ளை என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. அந்த வித்தையை அவர் லேபிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. எதிரே யார் சிரித்தாலும் மனுஷன் பார்ப்பது பல்லைத்தான். சிரித்தவர் பாதியில் வாயை மூடிக்கொள்வார். தெருவில் எல்லோருக்கும் அவர் பல்காரர்.

நாளெல்லாம் வெள்ளையையே பார்த்த கண் சாயங்காலம் கலருக்கு ஏங்காதா? ஏங்கியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஓட்டுகிற சிநேகிதர் ஒருவர், சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு ஹாலுக்கு அவரைக் கூட்டிப்போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் வளர்ந்த ஆம்பளைகளும் பொம்பளைகளும் நீள மேஜையில் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் வாங்கும்போது சாம்பல் நிறத்தில் மொட்டையாக வரும். வர்ணம் பூசி, தன் படைக்கென்று ஒரு சின்னம் போட்டுக்கொள்வது அவரவர் பாடு. பல்காரர் ஒரு சிப்பாயைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

விளையாட்டில் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருஷத்தில் அவர் ஒரு முறைகூடப் பகடை உருட்டியதில்லை. விளையாடினால் சிப்பாயை நாலு பேர் தொடுவார்கள், வர்ணம் தேயும். படை இருந்தது, சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தவர் சிப்பாயின் இடுப்புக் கச்சையில் நிழல் சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டு வருவார். பஸ்காரரின் படை இரண்டே கலர், டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். சின்னம் என்று ஒரு சக்கரம், வட்டம் போட்டு நடுவில் நாலு கோடு. அதை வைத்துக்கொண்டு அவர் வாராவாரம் எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தார். பல்காரருக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் உள்ளது மூன்று அறை. அதில் ஜன்னல் பெரிதாக, காலையிலிருந்து வெளிச்சம் கொட்டுகிற அறை படைக்குப் போயிற்று. அவருடைய மனைவி தையல்காரி. பழைய உடுப்பைப் பிரித்து அளவு மாற்றித் தருகிற வேலை, ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு அத்துப்படி. அவளுடைய மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கிற நடையில் கிடந்தது. குளிக்கப் போகிறவர்கள் அவள் முழங்கையை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்கும்போது அவள் எழுந்து குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வாள், அந்த ஜன்னலிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வரும் என்று.

போன வருஷக் கடைசியில் அவள் கேட்டாள். பஸ்காரரும் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார், அதனால்தான் விஷயம் பெரிதாகிவிட்டது.

"ஏங்க, எனக்குக் கண்ணு வலிக்குது. அந்த ரூமை எனக்கு விட்டுக் குடுங்களேன். உங்க பொம்மையை நடையில வெச்சுக்கலாம்ல?"

"பொம்மை இல்ல. மினியேச்சர்."

"சரி, அதைத்தான் நடையில வெச்சுக்கங்க."

பஸ்காரர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "தங்கச்சி கேக்கறது நியாயம்தானே? மூணு வருஷமா போட்டியில உனக்கு ரெண்டாம் பரிசுதானேப்பா" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனுஷர்.

பல்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கிளப்பில் வருஷத்துக்கு ஒரு தரம் அழகான படைக்குப் பரிசு தருவார்கள். மூன்று வருஷமும் இரண்டாவது என்பது அவர் நெஞ்சில் தைத்த முள். "வர்ற போட்டியில முதல் பரிசு எனக்குத்தான். வாங்கலைன்னா அந்த ரூமை இவளுக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

"எழுதிக் குடுங்க" என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல்.

அவரும் எழுதினார். லேப் சீட்டு ஒன்றின் பின்பக்கம், பொடி எழுத்தில், தேதி போட்டு. கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் படையின் சின்னமாக வரப்போகிற ஓநாயையும் அப்போதே சிவப்பு மையால் வரைந்தார். வாலைத் தூக்கி, வாயைத் திறந்து, இடப்பக்கம் பார்த்துப் பாய்கிற ஓநாய். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவள் அந்தச் சீட்டை வாங்கி மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்திவைத்தாள்.

பிறகு வேலை ஆரம்பித்தது. தொண்ணூற்றாறு சிப்பாய்கள். ஒவ்வொருவனையும் ஒரு மருந்து பாட்டில் மூடியின் மேல் ஒட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டு பூச வேண்டும். முதலில் கறுப்பு பிரைமர், அதன் மேல் மஞ்சள் அங்கி, நீலக் கால்சட்டை, செம்பு நிறத் தலைக்கவசம். மூன்று மயிர் உள்ள பிரஷ், அதையும் நாக்கில் தொட்டுக் கூராக்குவார். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்கு எழும்போது நாக்கு என்ன கலர் என்பதைப் பார்த்தே இன்று எந்த உறுப்பு முடிந்தது என்று வீட்டில் தெரிந்துகொள்ளலாம். நீல நாக்கோடு ஒரு நாள் வாசலில் நின்று வாடிக்கையாளர் ஒருத்தியிடம் பேச, அந்த அம்மாள் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துத் துணியை வாங்காமலே போய்விட்டாள்.

கேடயங்கள் தனி. அவற்றைச் சிப்பாயின் இடது கையில் ஒட்டிவிட்டால் பின்னால் அங்கி பூசப் பிரஷ் நுழையாது. அதனால் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குச்சியில் ஒட்டி வைத்து, ஓநாயை வரைந்து முடித்து, கடைசியில்தான் கையில் சேர்ப்பது. எல்லாம் ஒரே மாதிரி வரவேண்டும் என்று முதலில் மெல்லிய தகட்டில் ஓநாயை வெட்டி அச்சு தயார் செய்தார்.

இங்கேதான் அவருடைய தொழில் புத்தி குறுக்கே வந்தது. பல் வரைபடத்தில் நோயாளியின் வலது பக்கம் காகிதத்தின் இடது பக்கத்தில் இருக்கும். எதிரே வாயைத் திறந்துகொண்டு இருக்கிறவரை அப்படித்தானே பார்க்கிறோம்? இருபத்தாறு வருஷமாக வலதை இடமாகப் படித்த கண் அது. அச்சைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். சிப்பாய் என்னைப் பார்த்து நிற்கிறான், ஆகவே அவனுக்கு எல்லாம் மாறித்தான் இருக்கும், திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்டார். வேறு எவனுக்கும் இது தோன்றியிருக்காது என்று ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்துக்கொண்டார். உண்மைதான், வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது.

முதல் பன்னிரண்டு கேடயம் முடிந்து ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தபோது, அவள் அறையைப் பெருக்க வந்தாள். நின்று பார்த்தாள்.

"நாய் நல்லா இருக்குங்க."

"ஓநாய்."

"ஓநாய் நல்லா இருக்கு. ஆனா சீட்டுல இந்தப் பக்கம் பாக்குது, இதுல அந்தப் பக்கம் பாக்குதே? இதை இடது கையிலதானே மாட்டுவீங்க?"

"அதுக்கு?"

"மாட்டினா பின்பக்கமா ஓடுமே. ரெண்டு கையையும் ஒரே கைக்கு வெட்டிட்ட சட்டை மாதிரி இருக்கும். நான் ஒரு தரம் அப்படி வெட்டியிருக்கேன், அதான் சொல்றேன்."

அவர் பிரஷை வைத்துவிட்டுத் திரும்பினார். சின்னங்களின் சாஸ்திரம் என்ன, பார்க்கிறவன் பக்கம் எது, தாங்குகிறவன் பக்கம் எது என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். துடைப்பத்தைப் பிடித்தபடி அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், "உனக்கு என்ன தெரியும்? கிழிஞ்சதைத் தைக்கறவளுக்கு இதுல என்ன பேச்சு? இனிமே இந்த ரூம்ல வந்து ஒரு வார்த்தை பேசாதே" என்றார்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. மீதிப் பாதி அறையைப் பெருக்காமலே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மீதி எண்பத்து நாலு ஓநாய்களும் அவள் கண்ணுக்கு முன்னால்தான் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

போட்டிக்கு முந்தின வாரம் கேடயங்களை ஒட்டினார். பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொரு சிப்பாயாக வைத்து, பசை வெளியே பிதுங்குகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பசையைப் பார்த்தார், ஓநாயைப் பார்க்கவில்லை. நாலு மாதமாக வலப்பக்கம் பார்த்த ஓநாயையே பார்த்துப் பழகின கண்ணுக்கு அதுதான் சரியான பக்கம். ஒட்டினவனை உடனே பெட்டிக்குள் பஞ்சில் படுக்க வைத்தார். கடைசியாகப் படையை நிறுத்துகிற மேடைக்கு ஒரு பலகை. அதில் பொன் எழுத்தில், கொட்டை கொட்டையாக, 'புறமுதுகு அறியாப் படை' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தள்ளி நின்று இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார்.

போட்டியன்று நடுவராக வந்தவர் வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். பல்காரரின் மேஜையைச் சுற்றிக் கூட்டம். அங்கியின் மடிப்பைப் பார்த்து, கண் இமையைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியும் வந்திருந்தாள், சுவரோரமாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடுவர் அம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, நாலடி பின்னால் போய் நின்று மறுபடி பார்த்தார். பலகை எழுதுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், தெருவிலிருந்து பார்க்கிற மாதிரி.

"வேலை ரொம்ப சுத்தம் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சிப்பாய் எல்லாம் முன்னால போறாங்க, ஓநாய் எல்லாம் பின்னால ஓடுதே. வேணும்னேதான் வரைஞ்சீங்களா?"

பல்காரர் அப்போதுதான் பார்த்தார். தொண்ணூற்றாறு பேர் மார்பை நிமிர்த்திக்கொண்டு எதிரியை நோக்கி நடக்கிறார்கள். அவர்கள் கையில் தொண்ணூற்றாறு சிவப்பு ஓநாய்கள், கல்லடி பட்ட நாய்களாக, வாலைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆமாம், வேணும்னேதான், தோற்று ஓடுகிற படை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடச் செய்தார். அதற்குள் பஸ்காரர் பலகையை உரக்கப் படித்துவிட்டார்.

ஹாலில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அத்தனை பேர் வாயைத் திறந்தும் பல்காரர் ஒரு பல்லைக்கூடப் பார்க்கவில்லை. முதல் பரிசு பஸ்காரருக்குப் போனது. தூரத்திலிருந்து பார்த்தாலே யார் படை என்று தெரிகிறது என்றார் நடுவர் அம்மாள். சக்கரத்துக்கு ஏது முன்பக்கம், பின்பக்கம்? பல்காரருக்கு நாலாவது முறையாக இரண்டாம் பரிசு.

வீட்டுக்கு வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தச் சீட்டு சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினதுதானே" என்று ஆரம்பித்தார். அவள் சுவரிலிருந்து அதை எடுத்து, குண்டூசியைத் தன் சட்டைக் கையில் குத்திக்கொண்டு, சீட்டை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். அவருடைய பொடி எழுத்து, அவருடைய கையெழுத்து, பக்கத்தில் சரியான பக்கம் பார்த்துப் பாய்கிற ஒரே ஒரு ஓநாய்.

மறுநாள் காலை மெஷின் ஜன்னலோரம் போயிற்று, வர்ண டப்பாக்கள் நடைக்கு வந்தன. அவரேதான் தூக்கி வைத்தார், முகம் உர்ரென்று. ஒரு வாரம் தொடவில்லை. பிறகு மனசு கேட்காமல் ஒரு கேடயத்தைச் சுரண்டி, மறுபடி பிரைமர் அடித்து, நடையில் உட்கார்ந்து ஓநாயைப் புதிதாக வரைந்தார். பல்பு அவர் தலைக்குப் பின்னால். வரைகிற இடத்தில் தன் நிழலே விழுந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்து குளியலறைக் கதவைத் திறந்து வைத்தார்.

"இந்த வெளிச்சத்துல மனுஷன் எப்படி வேலை பாக்கறது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

மெஷின் நின்றது. பதினோரு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து வைத்தது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது சூடேறிவிட்டது மனுஷனுக்கு.

பிரஷை வைத்தார். கேடயத்தைச் சிப்பாயின் இடது கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றார். அவள் நெற்றியில், துணியில், நூல் கண்டில் எல்லாம் வெயில் விழுந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இங்க பாரேன். இப்ப சரியான பக்கம் பாக்குதா?"

அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, சிப்பாயைப் பார்த்தாள், கேடயத்தைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.