நெருப்பு வாங்கப் போன மார்கழி

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழி. பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை மேல் ஒரு சிற்றூர். அரியலூரில் எங்கள் வீடு சிமென்ட் லாரிகள் ஓடும் சாலையோரம். என் மனைவிக்கு வீசிங் அதிகமாகி, தூசி இல்லாத இடமாகப் பார்க்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கும் மகன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். நான் போகவில்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சித்திரையிலேயே அந்த ஊரைப் போய்ப் பார்த்திருந்தேன். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர், கொல்லையில் எத்தனை பலா, மரவள்ளி எத்தனை செடி, பஸ் எத்தனை தடவை வருகிறது, கிடக்கிற விறகு எத்தனை நாளைக்குக் காணும் என்று எல்லாவற்றையும் எண்ணினேன். கீழே அனல் அடித்தது. மேலே காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது. ஒரு வீட்டை வாடகைக்குப் பேசினேன். ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்று மார்கழியில் ஏறினோம். கிடக்கிற விறகே போதும் என்று கேஸ் சிலிண்டர்கூட எடுத்துப்போகவில்லை.

போன அன்றே பக்கத்து வீட்டுப் பெண் ஓட்டுச்சில்லில் தணல் எடுத்து வந்தாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் அடுப்பை அக்கம்பக்கத்து நெருப்பில் மூட்டுவது அந்த ஊர் வழக்கமாம்.

நான் தீப்பெட்டிக் கட்டைக் காட்டி, "எல்லாம் கொண்டாந்துட்டோம்மா. யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டோம்" என்றேன். அவள் தணலோடு திரும்பிப் போனாள். மனைவி என்னை முறைத்தாள்.

அதன்பின் எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. பனி மட்டும் வந்தது. தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிர்ந்தது. நான் எண்ணி வைத்த விறகு ஈரத்தில் ஊறி, எரியாமல் புகைந்தது. ஒரு நாள் காலையில் வீடு முழுக்கப் புகை. கதவைத் திறந்தால் குளிர். இன்ஹேலர் அடித்தும் மனைவிக்கு மூச்சு இழுத்தது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன்.

"தீப்பெட்டி நமத்துப் போச்சுங்களா அய்யா?" என்று அவள் புருஷன் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் என்னைத் தாண்டி ஓடி, என் மனைவியைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அங்கே அடுப்புக்கு மேல் பரணில் விறகு காய்ந்துகொண்டிருந்தது. புகையே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அவர் ஜீப்புக்குச் சொல்ல ஓடினார். அது வருவதற்குள் மனைவிக்கு மூச்சு சீராகிவிட்டது.

"பொகையப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்கதான் ஒண்ணும் வேணாம்னுட்டீங்களே, எப்புடி வர்றது?" என்றாள் அந்தப் பெண்.

"கீழ போயிடலாமா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மொதல்ல அந்தத் தணல வாங்கிக்கிட்டு வந்து நம்ம அடுப்புல போடுங்க. அப்பறம் பேசலாம்."

வாங்கி வந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். மழைக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பரணில் விறகு ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். அவர்கள் மரவள்ளி பிடுங்கும்போது மூட்டைகளை எண்ணுகிறவன் நான்.

மலையில் இடம் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் தண்ணீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்த வீட்டு நெருப்பை வாங்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அன்று நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான்.